எல்லாந்தலையானுக்கு ஒரு பிளாஸ்டிக் டப்பா

காசு சேர்ப்பவர்கள் நாலு பேரை ஒரு திண்ணையில் உட்கார வையுங்கள். காப்பி ஆறுவதற்குள் மூன்று கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள்.

முதலாவது டப்பாக் கட்சி. கையில் இருக்கும் காசைக் கடல் கடந்து ஒரு கம்பெனிக்கு அனுப்புவார்கள். அங்கே ஒருவர் பூதக்கண்ணாடியில் பார்த்து, அசல்தான் என்று தலையாட்டி, எழுபதுக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டு, திறக்கவே முடியாத கெட்டி பிளாஸ்டிக் டப்பாவுக்குள் அதைச் சமாதி வைத்துத் திருப்பி அனுப்புவார். இரண்டாவது ஆல்பக் கட்சி. குழி குழியாக வெட்டிய அட்டையில் வருஷவாரியாகக் காசை அழுத்தி வைப்பவர்கள். ஒரு குழி காலியாக இருந்தால் இவர்களுக்குச் சோறு இறங்காது. மூன்றாவது, உறை பிரிக்காத கட்சி. நாணயச்சாலை எந்தப் பெட்டியில் போட்டுக் கொடுத்ததோ அதே பெட்டி, அதே ரசீது. கல்யாணத்துக்கு வந்த எவர்சில்வர் குடத்தை முப்பது வருஷம் பேப்பர் பிரிக்காமல் பரணில் வைத்திருக்கும் குடும்பங்களின் வாரிசுகள் இவர்கள்.

இந்தச் சண்டையைத் தாங்கள்தான் கண்டுபிடித்தோம் என்று அமெரிக்கர்கள் நினைக்கிறார்கள். 1986ல் பி.சி.ஜி.எஸ். என்ற கம்பெனி டப்பா போட ஆரம்பித்தது. அடுத்த வருஷமே போட்டிக்கு என்.ஜி.சி. வந்தது, அன்றிலிருந்து தகராறு. தென்காசிப் பக்கம் ஒரு நடை வந்து விசாரித்திருந்தால், இதெல்லாம் இங்கே பாண்டியன் காலத்திலேயே நடந்து ஓய்ந்த வழக்கு என்று தெரிந்திருக்கும்.

முதலில் மதிப்பெண் விவகாரம். சங்க காலத்தில் காசைச் சோதித்து நல்லது கெட்டது சொல்லும் ஆளுக்கு வண்ணக்கன் என்று பெயர். இன்றைக்கு டப்பாக் கம்பெனியில் பூதக்கண்ணாடி பிடிப்பவர் பார்க்கிற அதே உத்தியோகம். ஒரு வித்தியாசம் உண்டு: நம் ஆட்கள் சும்மா இருக்க முடியாமல் கவிதையும் எழுதினார்கள். வடம வண்ணக்கன் பேரிசாத்தனார், வடம வண்ணக்கன் தாமோதரனார், வண்ணக்கன் சோருமருங்குமரனார், புதுக்கயத்து வண்ணக்கன் கம்பூர் கிழான் என்று சங்கத் தொகை நூல்களில் ஒரு காசுச் சோதகர் சங்கமே உட்கார்ந்திருக்கிறது. பகலில் தேய்ந்த காசைத் திருப்பிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்கள். சாயங்காலம் தலைவியின் தோள் மெலிந்ததைப் பற்றிப் பாடினார்கள். தேய்மானத்தைக் கவனிக்கிற கண் இரண்டு வேலைக்கும் உதவியிருக்கும்போல.

உறை பிரிக்காத கட்சிக்கும் மதுரையில் ஒரு புராணம் உண்டு. பாண்டியன் ஆயிரம் பொன்னை ஒரு துணியில் முடிந்து சங்க மண்டபத்தில் தொங்கவிட்டான். பொற்கிழி. அதற்குள் ஆயிரம்தான் இருக்கிறதா, மாற்றுக் குறைந்ததா என்று புலவர் ஒருவர்கூட அவிழ்த்துப் பார்த்ததாகக் கதை இல்லை. முடிச்சுப் போட்டது ராஜா, அவ்வளவுதான் அத்தாட்சி. 1965ல் வந்த 'திருவிளையாடல்' படத்தில் தருமியாக வந்த நாகேஷ் இதை ஒரு படி மேலே கொண்டுபோனார். பாட்டில் பிழை இருந்தால் பிழைக்குத் தக்கபடி பரிசைக் குறைத்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுங்கள் என்று பேரம் பேசினார். கீறலுக்கு இத்தனை கழிவு, கறைக்கு இத்தனை கழிவு என்ற நவீன தரப்படுத்தலின் மொத்தக் கொள்கையும் அந்தப் பேரத்தில் இருக்கிறது. நக்கீரர்தான் டப்பாவைக் கொடுக்க மாட்டேன் என்று அடம் பிடித்துவிட்டார்.

கொடுமை என்னவென்றால், நம் முன்னோரின் தரப்படுத்தும் முறையில் காசுக்கு உயிர்ச்சேதம் உண்டு. 1898ல் புதுக்கோட்டைச் சீமையில் கருக்காக்குறிச்சியில் ஒரு புதையல் கிடைத்தது. 501 ரோமானியப் பொற்காசுகள். பெரும்பாலானவற்றில் ராஜாவின் முகத்துக்குக் குறுக்கே உளியால் ஒரு வெட்டு. நீரோவாக இருந்தால் என்ன, கிளாடியஸாக இருந்தால் என்ன, மூக்கோடு சேர்த்து ஒரே போடு. இனிமேல் இது காசாகச் செல்லாது, பொன்னாக மட்டும் செல்லும் என்பதற்கான அடையாளம் அது என்பது ஆராய்ச்சியாளர்கள் சொல்லும் விளக்கங்களில் ஒன்று. ரோமாபுரியிலிருந்து மிளகுக்காக வந்த சக்கரவர்த்திக்கு நாங்கள் கொடுத்த மரியாதை அவ்வளவுதான். இன்று ஒரு டப்பாக் கம்பெனியிடம் அந்தக் காசை நீட்டினால் முதலில் அந்த வெட்டைத்தான் எழுதுவார்கள், சேதம் என்று. அவர்கள் சேதம் என்பது நம் ஊர் முத்திரை.

இப்போது தென்காசிக்கு வருவோம். மதுரையை இழந்த பாண்டியர்கள் தெற்கே நகர்ந்து நகர்ந்து கடைசியில் மேற்குத் தொடர்ச்சி மலைக்கு முதுகைக் கொடுத்து நின்ற இடம் இது. இனி நகர்ந்தால் மலையாளம். ராஜ்யம் சுருங்கச் சுருங்கப் பட்டம் நீள்வது உலக வழக்கம். பிற்காலப் பாண்டியர் காசு என்று சேகரிப்பாளர்கள் பிரித்து வைக்கும் செம்புச் சில்லுகளைப் பாருங்கள்: கலியுகராமன், கோதண்டராமன், சமரகோலாகலன், புவனேகவீரன். உலகத்துக்கே ஒரு வீரன் என்று பீற்றிக்கொள்வது எதில்? விரல் நுனி அகலமுள்ள செம்பில். இவை எல்லாவற்றுக்கும் தலையாக ஒரு பட்டம் உண்டு: எல்லாந்தலையான். அதில் ஒரு சங்கடம், அச்சு பெரிது, செம்புத் துண்டு சிறிது. சம்மட்டி இறங்கும்போது பட்டத்தில் பாதி காசுக்கு வெளியே போய்விடும். எத்தனையோ எல்லாந்தலையான்கள் தலையில்லாமல் வெறும் 'ல்லாந்'தாகப் பிழைப்பு நடத்துகிறார்கள்.

இந்த ஊரின் பெயரே தரப்படுத்துகிறவர்களுக்குத் தலைவலி. வடக்கே ஒரு காசி அசலாக இருக்க, பராக்கிரம பாண்டியன் 1446ல் இங்கே விசுவநாதருக்கு இன்னொரு கோயில் கட்ட ஆரம்பித்தான். டப்பா மொழியில் சொன்னால் மறு அச்சு. ஆனால் அந்த ராஜா ஒரு காரியம் செய்தான். இந்தக் கோயிலில் பின்னால் ஏதாவது பழுது வந்து, அதைச் சரிசெய்கிறவர்கள் யாராக இருந்தாலும், அவர்கள் காலில் நான் இப்போதே விழுகிறேன் என்கிற கருத்தில் கல்லில் பாட்டு வெட்டி வைத்தான். கோபுர வேலை முடிவதற்குள் அவன் போய்ச் சேர, தம்பி குலசேகரன் முடித்தான். அந்தக் கோபுரம் 19ஆம் நூற்றாண்டில் தீப்பிடித்து, பிளந்து, மொட்டையாக நின்றது. 1990ல்தான் மறுபடி எழும்பியது. டப்பாக் கம்பெனியின் அகராதியில் 'பழுது பார்க்கப்பட்டது' என்பது மகா கேவலமான வார்த்தை. மதிப்பெண்ணே கிடைக்காது, விவரம் மட்டும் எழுதி அனுப்பிவிடுவார்கள். தென்காசி ராஜாவோ ரிப்பேர்காரனுக்கு ஐந்நூறு வருஷத்துக்கு முன்கூட்டியே சாஷ்டாங்க நமஸ்காரம் செய்தவன். இரண்டு தரப்பில் யாருக்கு உலக அனுபவம் அதிகம் என்று நான் சொல்லப்போவதில்லை.

பக்கத்துக் குற்றாலம் இன்னும் மோசம். அங்கே மூலவர் விஷயத்திலேயே மேலச்சு நடந்திருக்கிறது. நின்றிருந்த பெருமாளின் தலையில் அகத்தியர் கையை வைத்து அழுத்தி லிங்கமாக்கினார் என்பது தலபுராணம். விரல் பதிந்த அடையாளம் இன்னும் தெரியும் என்பார்கள். பழைய காசின்மேல் புது ராஜாவின் அச்சை அடித்தால் அடியில் இருக்கும் பழைய முகம் லேசாகத் தெரியுமே, சேகரிப்பாளர்கள் அதற்காக உயிரை விடுவார்கள். அகத்தியர் அதைச் சம்மட்டி இல்லாமல் செய்தார். அழுத்திய அழுத்தலில் சுவாமிக்குத் தலைவலி வந்ததாம்; அதனால்தான் குற்றாலநாதருக்கு மூலிகைத் தைலம் சாத்துகிறார்கள். இதை மூடநம்பிக்கை என்று சிரிக்க வேண்டாம். செம்புக் காசின் பிசுக்கையும் களிம்பையும் இளக்க எண்ணெயில் ஊறப்போடுவது உலகமெங்கும் செப்புக்காசு சேர்ப்பவர்கள் செய்கிற வேலைதான். ஊறப்போட்டுவிட்டு அருவியில் போய் நிற்பது மட்டும் குற்றாலத்தின் தனி முறை.

அந்தச் சாரல் காற்றில் எந்த ஆல்பமும் நிம்மதியாக இருக்காது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். மலிவான பி.வி.சி. உறைகளிலிருந்து நாள்பட ஒரு பிசுபிசுப்பு கசியும். ஈரமும் சேர்ந்துவிட்டால் செம்பின்மேல் பச்சைப் பசையாக ஒட்டும். சாரல் மாதங்களில் பாறைக்கு வருவது காசுக்கும் வந்துவிடும். வந்ததும் நம் வீட்டு ஆச்சி என்ன செய்வாள்?

"ஏலே, என்னலே இப்படிக் கறுத்துக் கிடக்கு? கொண்டா இங்க."

கொஞ்சம் புளி, கொஞ்சம் உப்பு, ஒரு தேங்காய் நார். ஐந்து நிமிஷத்தில் நானூறு வருஷத்துப் பூச்சு போய், காசு புதுக் குத்துவிளக்காக மின்னும். பேரன் மயங்கி விழுவான். அவள் இன்னொரு காசையும் கேட்பாள். தமிழ்நாட்டில் பழைய காசுகளின் மதிப்பைக் குறைத்ததில் படையெடுப்புகளைவிடப் புளிக்குப் பங்கு அதிகம் என்பது என் கட்சி.

வெள்ளைக்காரர்கள் வந்தபின் கதை வேறு பக்கம் திரும்பியது. கம்பெனி துரைமார்கள் சாரலுக்காகக் குற்றாலத்தில் பங்களா போட்டார்கள்; கம்பெனியார் ஜாதிக்காயும் கிராம்பும் பயிர் பண்ணித் தோட்டம் போட்டார்கள். 19ஆம் நூற்றாண்டில் சில துரைகளுக்கு விசித்திரமாகச் செப்புக்காசுப் பைத்தியம் பிடித்தது. வேலூரில் இருந்த டேனிஷ் மிஷன் பாதிரியார் லோவெந்தால், ஆத்துமாக்களை அறுவடை செய்ய அனுப்பப்பட்டவர், திருநெல்வேலிச் சீமைக் காசுகளில் மீனைத் தேடிக்கொண்டிருந்தார். 1888ல் திருநெல்வேலிக் காசுகளைப் பற்றி மட்டும் ஒரு சிறு புத்தகம் போட்டார். மறு வருஷம் டஃப்னெல் என்ற ராணுவக் கேப்டன் தென்னிந்தியாவில் காசு சேர்ப்பவர்களுக்கு யோசனைகள் என்று ஒரு வழிகாட்டியே எழுதினார். கன்னாரக் கடையில் எடைக்குப் போட்டு உருக்கிச் சொம்பாகிக்கொண்டிருந்த பாண்டியர்களைத் தேடி ஒரு கேப்டன் அலைந்தார் என்றால், விற்றவர்கள் அவரைப் பற்றி என்ன நினைத்திருப்பார்கள்?

"துரைக்கு வெயிலு ஒத்துக்கிடல அண்ணாச்சி."

இவர்களில் என் ஆள் சர் வால்டர் எலியட். சென்னை மாகாணத்தில் உத்தியோகம் பார்த்து ஓய்வுபெற்று ஸ்காட்லாந்து போனார். தென்னிந்தியக் காசுகள் பற்றிய அவருடைய பெரிய நூல் வெளிவந்த காலத்தில் அவருக்குக் கண் பார்வை கிட்டத்தட்ட முழுக்கப் போயிருந்தது. காசைப் பார்க்காமல் காசைப் பற்றி எழுதியவர். அவர் காலத்தில் பிளாஸ்டிக் டப்பா இருந்து, அவர் சேகரிப்பை முழுக்க அதில் அடைத்து வைத்திருந்தால் கிழவர் விரலால் எதைத் தடவியிருப்பார், லேபிளையா? காசு என்பது கையில் எடுக்கிற சாமான். எடை, விளிம்பு, தேய்மானம் எல்லாம் கட்டைவிரலுக்குத் தெரியும்.

ஆல்பக் கட்சியின் மூலப்பத்திரம் குற்றாலத்துக்கு அடுத்த ஊரில் இருக்கிறது. செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை தமிழ்நாடு கிடையாது. பல காலம் அது திருவிதாங்கூர் மகாராஜாவின் சொத்து. தென்காசியில் பிரிட்டிஷ் ரூபாய், அணா, பைசா. நாலு மைல் தள்ளிச் செங்கோட்டையில் பணம், சக்கரம், காசு. பதினாறு காசு ஒரு சக்கரம், நாலு சக்கரம் ஒரு பணம், ஏழு பணம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். அதாவது 28 சக்கரம். ஆனால் பிரிட்டிஷ் ரூபாய்க்கு 28 சக்கரமும் எட்டுக் காசும். அந்த அரைச் சக்கரத்தில்தான் எல்லையோர வியாபாரிகளின் கணக்குப் புத்தி தீட்டப்பட்டது. பக்கத்து ஊர்ச் சந்தைக்குப் போய்வர வாய்ப்பாடு தெரிந்திருக்க வேண்டிய நிலைமை. பேரம் பேசுகிற ஆச்சிகளுக்கு அது தெரிந்தும் இருந்தது.

பழைய வெள்ளிச் சக்கரம் எவ்வளவு பெரிது என்று நினைக்கிறீர்கள்? நகக்கண்ணில் ஒளிந்துகொள்ளும். அரை கிராம்கூடக் கிடையாது. தும்மினால் சம்பளம் போய்விடும். ஆயிரம் சக்கரத்தை ஒருவன் விரலால் எண்ண உட்கார்ந்தால் ஊர்த் திருவிழா முடிந்துவிடும். அதற்காகக் கஜானாக்காரர்கள் ஒரு பலகை வைத்திருந்தார்கள். பணப்பலகை. ஒரு மரப்பலகை, அதில் வரிசையாகக் குழிகள், ஒவ்வொரு குழியும் ஒரு சக்கரம் மட்டும் கொள்ளும் அளவு. பையிலிருந்து காசைக் கொட்டி, பலகையை ஒரு குலுக்குக் குலுக்கினால் குழிக்கு ஒன்றாக உட்கார்ந்துகொள்ளும். மிச்சத்தைக் கையால் வழித்துவிட வேண்டியது. குழி எத்தனை என்று முன்பே தெரியும். எண்ண வேண்டியதே இல்லை. ஆல்பத்துக்கு வேறு என்ன வேண்டும்? குழி இருக்கிறது, குழிக்கு ஒரு காசு இருக்கிறது, ஒன்று காலியாக இருந்தால் கண்ணுக்குத் தெரிகிறது. அமெரிக்காவில் 1934ல் விட்மன் கம்பெனி ஒரு சென்ட் காசுகளைச் செருக அட்டைப் பலகை விற்று, பஞ்ச காலத்து ஜனங்களைக் காசுப் பைத்தியமாக்கியது என்று பெருமையாக எழுதுகிறார்கள். திருவிதாங்கூர்க் கஜானாவில் அதற்கு வெகு காலம் முன்னால் அதைச் சம்பளத்துக்குச் செய்தார்கள்.

நான் பலகைக் கட்சி. மறைக்கவில்லை. ஒரு காசுக்கு அக்கம்பக்கம் வேண்டும். மூலம் திருநாள் காலத்துக் காசுக்குப் பக்கத்தில் சித்திரைத் திருநாள் காலத்துக் காசு இருந்தால்தான் ராஜா மாறினார் என்பதே உறைக்கும். நம் ஊர்ப் பெண்கள் இதைக் கழுத்திலேயே செய்தார்கள். காசுமாலை என்பது தொங்குகிற ஆல்பம். விக்டோரியா மகாராணியை வரிசையாகக் கொக்கி போட்டு நெஞ்சில் தொங்கவிட்ட தைரியம் எந்தச் சேகரிப்பாளருக்கு வரும்? கொக்கி வைத்த காசு என்றால் டப்பாக்காரர்கள் மூக்கைச் சுளிப்பார்கள், அது தனிக் கதை. 1943 முதல் 1947 வரை அடித்த ஓட்டைக் காலணாவுக்கு இந்தப் பிரச்சினையே இல்லை. சர்க்காரே ஓட்டை போட்டுக் கொடுத்துவிட்டது. அரைஞாண் கயிற்றில் கோத்துக்கொண்டால் பெட்டியும் வேண்டாம், பூட்டும் வேண்டாம்.

இனி எழுபது மதிப்பெண்ணின் பிதாமகரைப் பார்க்க வேண்டும். வில்லியம் ஷெல்டன், அமெரிக்க மனோதத்துவ நிபுணர். மனிதர்களின் உடம்பை அளந்து குண்டு, கட்டுமஸ்து, ஒல்லி என்று மூன்று வகையாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஏழு வரை எண் போட்டு, உடம்பைப் பார்த்தே குணத்தைச் சொல்லிவிடலாம் என்றவர். இதற்காகப் பெரிய பெரிய பல்கலைக்கழகத்து மாணவர்களை நிர்வாணமாக நிறுத்திப் படம் எடுத்துச் சேர்த்தார். மனிதர்களுக்கு மதிப்பெண் போட்ட கை சும்மா இருக்குமா? 1949ல் பழைய அமெரிக்கச் சென்ட் காசுகளைப் பற்றி எழுதிய புத்தகத்தில் ஒன்று முதல் எழுபது வரை ஒரு அளவுகோல் போட்டார். அதில் அழகைப் பற்றிய தத்துவம் எதுவும் இல்லை, சுத்தமான விலைப்பட்டியல். ஒன்று என்றால் அடையாளம் மட்டும் தெரிகிற தேய்ந்த காசு. எழுபது என்றால் அதன் விலையைப்போல் எழுபது மடங்கு. விலைகள் வெகு சீக்கிரம் மாறிப்போயின, எண் மட்டும் நின்றுவிட்டது. இன்றைக்கு உலகம் முழுக்க டப்பாக்களின்மேல் அச்சாகிற எண் அதுதான்.

ஷெல்டன் 1977ல் இறந்தார். பிறகு ஒரு சங்கதி வெளியே வந்தது. நியூயார்க்கில் அமெரிக்க நாணயவியல் சங்கத்தின் சேகரிப்பிலிருந்த உயர்தரச் சென்ட் காசுகளை எடுத்துக்கொண்டு, அந்த இடத்தில் தன்னிடமிருந்த மட்டமான காசுகளை வைத்திருக்கிறார் மனுஷர். விவகாரம் கோர்ட்டுவரை போனது. எது உயர்ந்தது எது தாழ்ந்தது என்று அவரைவிடத் துல்லியமாக யாருக்குத் தெரியும்? நம் வண்ணக்கன்மார் இந்த அளவுக்குப் போனதாகத் தகவல் இல்லை, கவிதையோடு நிறுத்திக்கொண்டார்கள்.

டப்பாவைத் திட்டிக்கொண்டே இருப்பதும் நியாயமில்லை. போலி என்று ஒன்று இருக்கிறதே. கிழக்கிந்தியக் கம்பெனி 1818ல் அடித்த ராமர் பட்டாபிஷேகக் காசு என்று ஒன்றை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கம்பெனி அப்படி ஒரு காசை அடிக்கவே இல்லை. அனுமனைக் கும்பிட்டுக்கொண்டு வரி வசூலிக்கிற பழக்கம் துரைமாருக்குக் கிடையாது. அந்தக் காசு அரிசியை இழுக்கும், கோடிக்கணக்கில் விலை போகும் என்று சொல்லி ஊர் ஊராக ஏமாற்றுவதற்கு 'ரைஸ் புல்லிங்' என்று பெயர். 2014ல் 'சதுரங்க வேட்டை' படம் அதைப் பிட்டுப் பிட்டு வைத்த பிறகும் போலீஸில் வழக்குகள் வந்தபடிதான் இருக்கின்றன. அதில் நான் ரசிப்பது பேக்கிங்கைத்தான். உள்ளே கதிர்வீச்சு இருக்கிறது, திறந்தால் ஆபத்து, ஆகவே பெட்டியைத் திறக்காமலே பணத்தைக் கொடுங்கள் என்பார்கள். உறை பிரிக்காத கட்சியின் கொள்கையை இதைவிட விசுவாசமாகக் கடைப்பிடித்தவர்கள் கிடையாது.

நேர்மையான பிரிக்காத பெட்டிகளும் உண்டு. தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டுக்காக இந்தியாவின் முதல் ஆயிரம் ரூபாய் நாணயம் வந்தது. வாங்கியவர்கள் பெட்டியைத் திறந்து ஒரு முறை ராஜராஜன் கோபுரத்தைப் பார்த்து, மூடி, பீரோவில் வைத்தார்கள். கடையில் நீட்டி யாரும் மளிகை வாங்கவில்லை. ஆயிரம் வருஷம் வெயிலிலும் மழையிலும் நிற்கிற கோபுரத்துக்கு வெல்வெட் மெத்தை.

புதையல் பானைகளுக்குத்தான் இந்தக் கட்சியில் இடமே இல்லை. அசல் உறை என்றால் அதுதான் அசல். ஆனால் புதையல் கண்ட மனிதன் முதலில் செய்வது பானையை உடைப்பது. இரண்டாவது, மச்சானிடம் சொல்வது. 1878ஆம் வருஷத்துப் புதையல் சட்டப்படி பத்து ரூபாய்க்கு மேல் மதிப்பிருந்தால் கலெக்டரிடம் தெரிவிக்க வேண்டும் என்பது மூன்றாவதாக ஞாபகம் வரும், அதுவும் மச்சானோடு சண்டை வந்தால். உடைப்பதில் டப்பாக் கட்சியும் குறைந்தவர்களில்லை. 64 வாங்கிய காசுக்கு 65 கிடைக்குமா என்று டப்பாவைச் சுத்தியலால் உடைத்து, காசை எடுத்து மறுபடி அனுப்புகிற ஆட்கள் அங்கே நிறைய. அதே காசு, அதே கம்பெனி, இன்னொரு நாள், இன்னொரு மூக்குக்கண்ணாடி. சில சமயம் கிடைத்தும்விடுகிறது.

பிற்காலப் பாண்டியர் செம்புக்கு இந்த யோகமெல்லாம் கிட்டுவதில்லை. என்.ஜி.சி.யில் தொல்காசுகளுக்கு அச்சு விழுந்த அழகுக்கு ஐந்துக்கு இத்தனை, மேற்பரப்புக்கு ஐந்துக்கு இத்தனை என்று தனித்தனியாகப் போடுகிறார்கள். அனுப்பிவைக்கிற கட்டணத்துக்குக் காசையே ஒரு கைப்பிடி வாங்கிவிடலாம். அதனால் எல்லாந்தலையான் இன்னும் தட்டில்தான் கிடக்கிறான், ஐந்தாம் ஜார்ஜோடும் ஓட்டைக் காலணாவோடும் உரசிக்கொண்டு.

"அண்ணாச்சி, இது என்ன கிரேடு?"

"ஒண்ணு அம்பது ரூவா. மூணா எடுத்தா நூறு."

ஷெல்டனும் அதைத்தானே எழுபது எண்ணில் சொன்னார்.